மிராசு எலியும் பண்ணை எலியும்

சார்,

இன்று காலை என் ஆய்வகத்தில் எலிக்கூண்டுகளைத் திறந்ததும் மரத்தூளும் மூத்திரமும் கலந்த நெடி மூக்கில் ஏறியது. உடனே உங்கள் முகம்தான் வந்தது. நீங்கள் போய்விட்டீர்கள் என்று கல்லூரியிலிருந்து போன வாரம் சொன்னார்கள். நினைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தர வேண்டுமாம். யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் தேறவில்லை. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

தஞ்சாவூர்க் கல்லூரி ஆய்வகத்தில் உங்கள் எலிகள் இரண்டு வம்சம். பெரிய உடம்புக்காரருக்கு ‘மிராசு’ என்றும் சின்ன உடம்புக்காரருக்குப் பண்ணையாளை நினைத்துப் ‘பண்ணை’ என்றும் மிராசுதாரரான நீங்களே பெயர் வைத்தீர்கள். வகுப்பே சிரித்தது. பண்ணையாளின் மகளான நானும் சிரித்தேன். எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். சிரிக்காமல் இருக்கத் தைரியம் வரவில்லை.

மிராசுக்குக் கடலைப் பிண்ணாக்கு, பால் பவுடர், முளைகட்டிய பயறு. பண்ணைக்கு வெள்ளையரிசிக் கஞ்சி. ஏன் சார் இப்படி என்று கேட்டேன்.

“அதுங்களுக்கு அது போதும்மா. எதைப் போட்டாலும் உடம்புல ஒட்டாது. பொறப்பு அப்படி.”

பிறப்பும் வேறு, தீனியும் வேறு என்றால், எது வளர்த்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அதை எங்களுக்குப் பாடம் நடத்தியவரே நீங்கள்தான். உங்கள் கூண்டு என்று வந்ததும் பாடம் மறந்துவிட்டது. ஆளைப் பார்த்துச் சோறு போட்டுப் பழகிய கை எலியையும் விட்டுவைக்கவில்லை.

உங்களிடம் சொல்லாமல், ஒரே தாய் ஈன்ற பண்ணைக் குட்டிகளில் பாதியை மிராசுத் தீனிக்கு மாற்றினேன். மிராசுக் குட்டிகளில் பாதியைக் கஞ்சிக்கு மாற்றினேன். தினமும் காலையில் நிறுத்து நோட்டில் எழுதினேன். கஞ்சி குடித்த மிராசு வற்றி மூலையில் சுருண்டது. நல்ல தீனி தின்ற பண்ணை, கூடப் பிறந்ததை விடப் பார்த்தாலே தெரியும்படி பெருத்தது. மிராசு அளவை முழுக்க எட்டவில்லைதான். பிறப்புக்கும் பங்கு உண்டு. அதையும் மறைக்காமல் எழுதினேன். நீங்கள் மெச்சுவீர்கள் என்று நம்பி நோட்டை உங்கள் மேசையில் கொண்டுவந்து வைத்த என் அசட்டுத்தனத்தை என்ன சொல்ல.

ஆட்சி மாறி, கூலியாட்களுக்குக் கேட்கத் துணிவு வந்திருந்த சமயம் அது. திருவையாற்றுப் பக்கம் உங்கள் வயலில் அறுவடைக்கு ஆள் இறங்கவில்லை. கூலி நெல்லில் ஒரு படி கூடுதலாகக் கேட்டு வரப்பில் நின்றவர்களில் என் அப்பாவும் ஒருவர். நீங்கள் நோட்டைப் புரட்டினீர்கள்.

“ஒரு படி கூடக் குடுத்தா மட்டும் உங்காளுங்க வளந்துடப் போறாங்களா? உன்னைச் சொல்லலம்மா.”

பிறகு ஒரு தாளை நீட்டினீர்கள். தீனியை மாற்றியும் பண்ணை எலி வளரவில்லை என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். அடியில், எடை பார்த்தவரின் கையெழுத்துக்கு இடம். பக்கத்திலேயே என் மேல்படிப்புக்கான சிபாரிசுக் கடிதம். உங்களை எவ்வளவு கேவலமாக நினைத்தேனோ, அவ்வளவு கேவலமானவளாகிக் கையெழுத்துப் போட்டேன்.

எலிகள் வளர்ந்த கதையை அப்பாவிடம் முன்பே சொல்லியிருந்தேன்; கையெழுத்துப் போட்டதைச் சொல்லவில்லை. தாசில்தார் முன்னால் நடந்த பேச்சுவார்த்தையில் அவர் எழுந்தாராம்.

“நல்லதாப் போட்டா எலியே வளருதுங்க. எம் பொண்ணு நிறுத்துப் பாத்திருக்குங்க. எங்க புள்ளைங்களும் வளரும்.”

நீங்கள் அந்தத் தாளை அவர் கையில் கொடுத்தீர்களாம். “உன் பொண்ணு எழுதிக் குடுத்ததுதான். படிச்சுப் பாரு.”

அவருக்குப் படிக்கத் தெரியாது என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் ஆட்கள் சிரித்தார்களாம். அந்த ஒரு படி அந்த வருஷம் கிடைக்கவில்லை. இதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

நான் சிலேட்டில் எழுதிப் பழகியதைப் பார்த்துப் பார்த்து, என் பெயரை மட்டும் அப்பாவுக்கு அடையாளம் தெரியும். அன்று வந்து கைகால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தார். என்னைத் திட்டவில்லை.

“கையெழுத்து அழகா இருந்துச்சும்மா,” என்றார்.

உங்களை இளக்காரமாக நினைப்பதில் எனக்குச் சிரமமே இருந்ததில்லை. அப்பாவின் அந்த ஒரு வார்த்தையைத்தான் இறக்கிவைக்க முடியவில்லை. இப்போது எந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதானாலும், மேலே எழுதியிருப்பதை முதலில் வாய்விட்டுப் படிக்கிறேன், அப்பா எதிரில் உட்கார்ந்திருப்பதுபோல, அவருக்குக் கேட்கும்படி.