குதிகாலில் கட்டிய பச்சிலை

ஜூன் 14, சனி
விடிந்ததிலிருந்து சாரல். இலத்தூர் தோப்பில் களை வெட்டு. ஆள் வரவில்லை, நானேதான். பின்னால் நகர்ந்தபோது கீழே கிடந்த அரிவாளில் கால் பட்டு, வலது குதிகாலுக்கு மேல் வெட்டு. வரப்பில் வெட்டுக்காயப் பூண்டு ஏராளம். கசக்கிப் பிழிந்தேன். எரிச்சல். துணி கட்டக் கை எட்டவில்லை, மூன்று தடவை முடிச்சு அவிழ்ந்தது. இதெல்லாம் என் மனைவி கோமதியின் வேலை. அவள் இறந்து இரண்டு வருடம்.

ஜூன் 15, ஞாயிறு
மாலை, அயர்லாந்திலிருந்து மகள் செல்வி வீடியோ காலில். அங்கே நர்ஸ். வேலியோரம் நம் செந்தட்டி மாதிரி ஒரு செடி பட்டுக் கை தடித்துவிட்டதாம். பக்கத்து வீட்டு அம்மா, அங்கேயே முளைத்திருந்த ஓர் அகல இலையைக் கிள்ளித் தேய்த்தாளாம்.
"டாக் இலைன்னு பேருப்பா. இங்கயும் களைச்செடிதான் மருந்து."
"கேட்டுச்சா?"
"கேட்ட மாதிரிதான் இருந்துச்சு. நீங்க நல்லாருக்கியளா?"
"எனக்கென்ன."
கால் கட்டு தெரியாதபடி போனை முகத்துக்கு நேராகவே பிடித்துக்கொண்டேன்.

ஜூன் 17
வீக்கம். குப்பைமேனி, மஞ்சள் அரைத்துப் பற்று. சமைக்கவில்லை. பன், டீ.
ஒரு கார் நின்றது. "ஐந்தருவிக்கு எப்படிப் போகணும்?" வழி சொன்னேன். இன்று மனிதரிடம் பேசியது அவ்வளவுதான்.

ஜூன் 19
காய்ச்சல். வரப்பில் கீழாநெல்லி பறிக்க வந்த அடுத்த தோட்டத்துப் பேச்சியம்மாள் காலைப் பார்த்துவிட்டாள்.
"சீழு வச்சிருக்கு. இன்னும் எலயைக் கட்டிக்கிட்டு எத்தன நாளு கெடப்பிய? கெளம்புங்க அண்ணாச்சி, ஆட்டோ கூப்பிடுதேன்."
தென்காசி ஆஸ்பத்திரி. கீறிச் சுத்தம் செய்தார்கள். இரண்டு ஊசி. வெளியே வந்தால், என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சியம்மாள் நிற்கிறாள். வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 22, ஞாயிறு
காய்ச்சல் இல்லை. வெயில்.
செல்வியிடம் கால் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.
"நான் மட்டும் எல்லாத்தையும் சொன்னனாப்பா? போன மாசம் டூட்டின்னு நாலு நாள் போன் எடுக்கலல்லா? அப்ப எனக்குக் குடல்வால் ஆப்பரேஷன்."
"கூட யாரு இருந்தா?"
"யாருமில்லப்பா."
இருவரும் போனை வைக்கவில்லை. அவள் தன் போனை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்துவிட்டு வெங்காயம் அரிந்தாள். பார்த்துக்கொண்டே இருந்தேன்.