எதுவும் ஒட்டாத வல்லத்துக்கு எண் கேட்டு மனு

அனுப்புநர்:
வே. ஜோதிமேரி,
க/பெ. வேதமுத்து,
கடற்கரைத் தெரு, பாம்பன்.

பெறுநர்:
உயர்திரு தலைமை அலுவலர் அவர்கள்,
படகு எண் சரிபார்ப்பு அலுவலகம்,
மண்டபம்.

பொருள்: எங்கள் வல்லத்தின் மீதான கடல் தடையை நீக்கவும், அரசு அறிவிப்பைக் கிழித்ததாக என் கணவர் மேல் எழுதிய புகாரை ரத்து செய்யவும் வேண்டுவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் பெயரில் உள்ள ஃபைபர் வல்லத்தில் என் கணவர் மீன்பிடித்து வருகிறார். சென்ற தை மாதம் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தார் வந்து, பாசியும் சிப்பியும் பிடிக்காத புதுப் பூச்சு ஒன்றை இலவசமாகப் பூசித் தருவதாகச் சொன்னார்கள். ஓசி என்றால் பினாயிலையும் குடிப்பார்கள் என்பார்களே, அப்படி நாங்களும் சரி என்றோம். பழைய பெயிண்டை எண்ணோடு சுரண்டிவிட்டு, மேல்விளிம்பு வரை பூசினார்கள்.

2. அங்கே வேலை பார்க்கும் கீழக்கரை மாஷிதா என்ற அம்மையார் பொறுமையாக விளக்கினார். ஒன்றுக்கொன்று ஆகாத இரண்டு பொருள்களின் நுண்ணிழைகளை முனையோடு முனை கட்டிப் பூசிவிட்டால், பிரிந்து போக வழியில்லாமலும் கலக்க மனமில்லாமலும் அவை தாமாகவே வரிவரியாக ஒதுங்கி நின்றுகொள்ளுமாம். ஒரு வரியின் அகலம், தலைமுடியை ஆயிரமாக வகுந்தால் அதில் ஒரு கூறுதானாம்; அதனால் பாசிக்கும் சிப்பிக்கும் பிடிமானமே கிடைக்காதாம். யாரும் வரையவும் வேண்டாம், அடுக்கவும் வேண்டாம். ரேஷன் கடையில் மனிதர்களே தாமாக வரிசையில் நிற்காத ஊரில் இதை நம்பக் கஷ்டமாகத்தான் இருந்தது. நானும் என் நாத்தனாரும் இத்தனை வருடமாக ஒரே வீட்டில் இருப்பதை நினைத்ததும் புரிந்துவிட்டது.

3. பூச்சு சொன்னதைச் செய்தது. பாசி பிடிக்கவில்லை, சிப்பி ஒட்டவில்லை. பிறகு பதிவு எண்ணும் ஒட்டவில்லை. பெயிண்டர் மருதுபாண்டி எழுத எழுத, பெயிண்ட் சேப்பங்கிழங்கு இலைத் தண்ணீராக உருண்டு மணலில் விழுந்தது. மூன்றாம் முறை அவர், "அக்கா, வேற ஆளப் பாத்துக்கங்க. இங்கன வந்து என் பேருதான் கெட்டுப்போகுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பூச்சைச் சுரண்டிப் பார்த்தோம். வெயில் ஏறியதும் வரிகள் மறுபடி கூடிக்கொண்டன. திருவிழாவில் பங்குத்தந்தை தெளித்த தீர்த்தம்கூட ஒரு சொட்டு நிற்கவில்லை. அன்றைக்கு நான் அழுதேவிட்டேன்.

4. எண் இல்லை என்று தங்கள் ஆய்வாளர் கடலுக்குப் போகும் டோக்கனை நிறுத்தி, "இப்படகு முடக்கப்பட்டது" என்ற அறிவிப்பை வல்லத்தில் ஒட்டினார். அவர் ஜீப்பில் ஏறுவதற்குள் அது வழுக்கித் தண்ணீரில் விழுந்தது. மறுநாள் வந்து, என் கணவர் அதைக் கிழித்துவிட்டதாகப் புகார் எழுதிக்கொண்டார். ஐயா, என் கணவர் காலண்டர் தாளைக் கிழிக்கவே சோம்பல்படுகிறவர். எங்கள் வீட்டில் இன்னும் மே மாதம்தான் நடக்கிறது.

5. பலகையில் எண்ணை எழுதிக் கயிறு கட்டி வல்லத்தில் தொங்கவிட்டோம். அது படகின்மேல் எழுதியதாகாது என்று ஆய்வாளர் தள்ளிவிட்டார். ஆராய்ச்சிக் கூடத்தாரிடம் முறையிட்டால், பூச்சு பெரிய வெற்றி என்று எங்களுக்கு வாழ்த்துச் சொல்கிறார்கள்.

6. எண் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. என் தகப்பனார் போன வல்லம் தனுஷ்கோடி மணலில் கவிழ்ந்து கிடந்தபோது, அதன் எண்ணைப் பார்த்துத்தான் எந்த வீட்டில் போய்ச் சொல்ல வேண்டும் என்று தெரிந்துகொண்டார்கள். அது இல்லாதிருந்தால் என் தாயார் சாகும்வரை கடலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எண் இல்லாமல் இவரை அனுப்ப எனக்கும் பயம்தான். ஆனால் அனுப்பாவிட்டால் அடுப்பு எரியாது.

ஆகவே, தொங்கும் பலகையையே எண்ணாக ஏற்று டோக்கன் வழங்கவும், புகாரை ரத்து செய்யவும் தங்களைப் பணிந்து வேண்டுகிறேன். என் சொல்லில் சந்தேகம் இருந்தால் தாங்களே நேரில் வந்து ஒரு அறிவிப்பை ஒட்டிப் பாருங்கள். பசை நாங்கள் தருகிறோம்.

இடம்: பாம்பன்
நாள்: 11.08.2025

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்காகக் கரையில் காத்திருக்கும்,
வே. ஜோதிமேரி

இணைப்பு: கடலிலிருந்து எடுத்த முடக்க அறிவிப்பு ஒன்று, கிழியாமல். காயட்டும் என்று இந்த மனுவின் பின்பக்கம் வைத்தேன். ஒட்டிக்கொண்டது, இப்போது பிரிக்க முடியவில்லை.