திருப்பி வாங்கிய கையெழுத்து

வூஸ்டர்
நவம்பர் 16, ஞாயிறு

அன்பு மகள் டெஸ்ஸாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவின் இடது முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லோரும் எல்லாமும் சுகம். கால்கரியில் நீயும் மார்கஸும் பனியில் வழுக்கி விழாமல், நேரத்துக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் நீ மூன்று தடவை கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே, காரணம் இருக்கிறது. இதைப் போனில் சொன்னால் பாதியிலேயே புகுந்து, "ஏம்மா, ஒரு ஒடஞ்ச சட்டிக்காக மறுபடியும் வேலையை நிறுத்திட்டியா?" என்று சிரிப்பாய். என்ன செய்ய, பாலம் கட்டுகிற இன்ஜினியரையல்லவா பெற்று வைத்திருக்கிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால் ஒரு பெரிய கோப்பைத் தேநீரோடு சமையலறை மேஜையில் உட்கார்ந்துவிட்டேன். உன் அம்மா ஜெயித்துவிட்டாள் டெஸ்ஸா. அதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதை எழுத எனக்குக் கை ஓடும்.

புனித எட்பர்கா தேவாலயத்தை ஒட்டி ஒரு கார் நிறுத்துமிடம் இருந்ததே, அங்கே வயதானவர்களுக்கு முப்பது வீடுகள் கட்டுகிறார்கள். அஸ்திவாரம் தோண்டும்போது பழங்காலத்துச் சுவடு ஏதாவது தட்டுப்படுகிறதா என்று பக்கத்தில் நின்று பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று நகரசபை நிபந்தனை போட்டது, எங்கள் ஆபீஸ் என்னை அனுப்பியது. உனக்குத் தெரிந்த வேலைதான், மழையானாலும் வெயிலானாலும் பொக்லைன் பக்கெட்டையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நிற்பது, மனிதக் கை படாத கன்னி மண் வந்ததும் போட்டோ எடுத்துத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவது. என் கையெழுத்து விழுந்தால்தான் கான்கிரீட் விழும். கான்கிரீட் விழுந்துவிட்டால் அந்த இடத்து மண்ணை இன்னும் நூறு வருஷத்துக்கு எவனும் பார்க்க முடியாது. அங்கே மேற்பார்வை ராய்ஸ்டன் டாண்டி என்று ஒருவன், ஐம்பது வயது, கதவளவு அகலம். முதல் நாளே எனக்கு எலும்பம்மா என்று பெயர் வைத்துவிட்டான். "வாங்க எலும்பம்மா, இன்னிக்கு எத்தனை ராஜாவைத் தோண்டப் போறீங்க?" என்றுதான் காலை வணக்கம். அவன் அப்படிப் பேச நானும் இடம் கொடுத்துவிட்டேன். முதல் வாரம் ஏதோ பழைய சுவர் என்று வேலையை நிறுத்தினேன், அது அவர்கள் தாத்தா காலத்துச் சாக்கடை. இரண்டாவது வாரம் எலும்பைப் பார்த்ததும் கையைத் தூக்கிவிட்டேன், அது ஒரு நாய், கழுத்துப் பட்டையில் வீட்டு போன் நம்பரே இருந்தது. ஆபீஸிலிருந்து கூப்பிட்டு, "ரொவீனா, இன்னொரு நாய் மட்டும் வேண்டாம், அந்தக் கம்பெனி வேற ஆளைக் கேக்குது" என்றார்கள். ஐம்பத்தொன்பது வயதில் என் பெயர் அந்த மாதிரி கெட்டுவிட்டால் அப்புறம் இந்த ஊரில் யார் என்னைக் குழிப்பக்கம் கூப்பிடுவார்கள், நீயே சொல்.

இப்போது என் தப்பைக் கேள். நவம்பர் நான்காம் தேதி செவ்வாய்க்கிழமை, கடைசிக் குழி, தேவாலயச் சுவருக்குப் பக்கத்தில் இருப்பது. மழை கொட்டுகிறது, என் மூக்குக்கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் செங்களிமண் வந்தது. இந்த ஊரே செங்களி மேல்தானே உட்கார்ந்திருக்கிறது, எங்கே தோண்டினாலும் அடியில் அதுதான், அதற்குக் கீழே பார்க்க எதுவும் கிடையாது. அந்த நேரம் பார்த்து ராய்ஸ்டன் வருகிறான், கையில் சுடச்சுட பன்றி இறைச்சி வைத்த பன், பழுப்பு சாஸ் ஒழுக ஒழுக. "நனைஞ்சு போயிட்டீங்களே, முதல்ல இதைச் சாப்பிடுங்க" என்றான். அதற்கு முன் ஒரு வாய் தண்ணீர் கொடுத்தவன் இல்லை. நான் ஒரு கையில் பன்னைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கையெழுத்துப் போட்டேன். முப்பத்திரண்டு வருஷ அனுபவம் டெஸ்ஸா, குழிக்குள் இறங்கிக் கரண்டியால் ஒரு சுரண்டு சுரண்டிக்கூடப் பார்க்கவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், நான் பன்னுக்குச் சறுக்கினேன்.

மறுநாள் காலை பின்வாசலில் செய்தித்தாளை விரித்துப் பூட்ஸில் ஒட்டியிருந்த மண்ணைப் பழைய வெண்ணெய்க் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். ஒரு செங்களிக் கட்டி இரண்டாகப் பிளந்தது, அதன் நடுவில் பட்டாணியளவு கரித்துண்டு. கன்னி மண்ணுக்குள் கரி எப்படி வரும்? உடனே நேற்று எடுத்த போட்டோவைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். நம் ஊர்ச் செங்களியில் பச்சைக் களி கோடு கோடாகப் படுக்கை வசத்தில் ஓடும், நீ குழந்தையில் அதைப் பார்த்து மண்ணுக்குச் சட்டை போட்டிருக்கிறார்கள் என்பாய். இந்தப் போட்டோவில் கோடே இல்லை, பிசைந்த மாவில் போட்ட திராட்சை மாதிரி பச்சைத் துண்டுகள் கண்டபடி சிதறிக் கிடக்கின்றன. யாரோ தோண்டி எடுத்துத் திரும்பப் போட்டு மூடிய மண் அது. அப்பாவிடம் காட்டினேன். "குவிச்சு வெச்ச மண்ணு மேல ஏறி மிதிச்சிருப்ப, கரி எங்கதான் இல்ல? போட்டோவும் மழையில எடுத்தது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நீ பேசாம இருந்தா யாருக்குத் தெரியப் போவுது ரொவீனா" என்றார். பாவம், என்னைத் தேற்றத்தான் சொன்னார், நான் அதற்குள் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தேன். பத்து மணிக்குக் கான்கிரீட் லாரி. காலை உணவைத் தொடாமல் ஓடினேன்.

எட்டு மணிக்கு ஆட்கள் எல்லோரும் கொட்டகை வாசலில் தேநீர்க் கோப்பையோடு நிற்கிறார்கள், ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டுப் பேச வழியில்லை. எல்லோர் முன்னாலும், "நேத்து நான் போட்ட கையெழுத்து தப்பு. அதைத் திருப்பி வாங்கிக்கறேன்" என்றேன். ராய்ஸ்டன் என்னை மேலும் கீழும் பார்த்து, "கையெழுத்து என்ன எரவல் குடுத்த குடையா, திருப்பி வாங்கிட்டுப் போக?" என்றான். பின்னால் ஒருவன், "நாய்க்கு ஜோடி தேடி வந்திருக்காங்க தலைவரே" என்றான், எல்லோரும் சிரித்தார்கள். என் காது மடலெல்லாம் எரிந்தது. அப்போது என் நாக்கில் சனி உட்கார்ந்துவிட்டது. "ஒரு மணி நேரம் குடு, இன்னும் ஒரு மீட்டர் எறங்கிப் பாப்போம். ஒண்ணும் இல்லேன்னா நானே ஆபீஸுக்கு போன் போட்டு இனிமே என்னை எங்கயும் அனுப்பாதீங்கன்னு சொல்லிடறேன்" என்றேன். யாரும் என்னிடம் அப்படிக் கேட்கவில்லை, நானாகச் சொன்னதுதான்.

அந்த நேரத்தில் பொக்லைன் ஓட்டுகிற கெல்வின் வாயைத் திறந்தான். ஒரு மாதமாக அவன் குரலையே நான் கேட்டதில்லை. "தலைவரே, மத்த குழியிலெல்லாம் செம்மண்ணு வந்ததும் மெஷின் ஒதறுச்சு. இந்தக் குழியில மெத்துன்னு எறங்குச்சு" என்றான். ராய்ஸ்டன், "ஏன்டா அதை நேத்தே சொல்லல?" என்று கத்தினான். "யாரு கேட்டா?" என்றான் கெல்வின். ராய்ஸ்டனைப் பார்த்துத்தான் சொன்னான், ஆனால் பட்டது எனக்கு. இத்தனை வருஷமாக மண்ணைக் கண்ணால் பார்த்தேனே தவிர, அதைக் கையால் உணர்கிறவனிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ராய்ஸ்டன் கடிகாரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஒரு கெட்ட வார்த்தை சொன்னான், பிறகு போனை எடுத்து லாரியைப் பதினொரு மணிக்கு வரச் சொன்னான்.

பல் இல்லாத அகலப் பக்கெட்டால் கெல்வின் பாலாடை எடுப்பதுபோல் வழித்தான். இருபது சென்டிமீட்டர், சிவப்பு. நாற்பது, சிவப்பு. "பத்து நிமிஷம் போச்சு", "இருபது போச்சு" என்று ராய்ஸ்டன் ஏலம் போடுகிறவன் மாதிரி கத்திக்கொண்டிருந்தான். அறுபதிலும் சிவப்புதான். ஆபீஸுக்கு என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்க்க ஆரம்பித்தேன். எழுபதைத் தாண்டியதும் பக்கெட் விளிம்பில் மை மாதிரி ஒரு கறுப்பு. நான் கை தூக்குவதற்கு முன்னாலேயே கெல்வின் நிறுத்திவிட்டான். குழிக்குள் இறங்கி மண்டியிட்டுக் கரண்டியால் சுரண்டினேன். செங்கல் மாதிரி சுட்டுப்போன களிமண், வளைந்து போகிறது. அந்த வளைவின் பின்னாலேயே முட்டியால் நகர்ந்து நகர்ந்து போனேன், தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தேன். முழு வட்டம் டெஸ்ஸா, ஒரு விரிசல் இல்லை! சுற்றிலும் வழவழவென்று தேய்த்த அச்சுத் துண்டுகள், மெழுகு வடிந்ததுபோல் பச்சை பிடித்த வெண்கலச் சொட்டுகள். மணி வார்த்த குழி. அந்தக் காலத்தில் பெரிய மணியை வண்டியில் ஏற்றிக் கொண்டுவருவது கஷ்டம் என்று தேவாலயத்து நிலத்திலேயே குழி வெட்டி, உள்ளே அச்சுக் கட்டி, உலோகத்தை ஊற்றி வார்ப்பார்கள். மணியைத் தூக்கியதும் வெட்டிய மண்ணையே உள்ளே தள்ளி மூடிவிடுவார்கள். அதே செங்களி! அதனால்தான் ஏமாந்தேன். ராய்ஸ்டன் குனிந்து பார்த்து, "என்ன இது, கேக் தட்டா?" என்றான். சொன்னேன். அவன் மெல்ல நிமிர்ந்து மணிக்கோபுரத்தைப் பார்த்தான், ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு போனில், "லாரியைத் திருப்பிக்கோ, இன்னிக்கு இல்ல. ஏன்னு கேக்காத" என்றான்.

தேவாலயத்தில் மணியடிக்கிற குழுவுக்கு இப்போதும் டாஃப்னி குவின்னெல்தான் தலைவி, உனக்குக் கயிறு பிடிக்கக் கற்றுக்கொடுத்தாளே, உள்ளங்கை கொப்புளித்து மூன்றாவது வாரமே நீ ஓடி வந்தாயே, அவளேதான். எட்டு மணிகளில் ஆகப் பெரியது எந்தக் காலத்தது என்று யாருக்கும் தெரியாது, ஆற்றில் படகேறி வெளியூரிலிருந்து வந்தது என்று தேவாலயத்துச் சின்னப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. நான் அச்சின் அடி வட்டத்தைக் குறுக்காக அளந்தேன், நூற்றாறு சென்டிமீட்டர். அந்தப் பெரிய மணியின் வாயை அளக்க எழுபத்திரண்டு வயது டாஃப்னி அளவுநாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கோபுரத்தில் ஏறினாள். கீழே நாங்கள் எல்லோரும் கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்கிறோம், என்னைக் கிண்டலடித்த அதே ஆட்கள்தான். மேல் சன்னலிலிருந்து, "நூத்தி நாலரை!" என்று கத்தினாள். ராய்ஸ்டன் ஹெல்மெட்டால் தொடையில் அடித்துக்கொண்டு, "ஐயோ, ஒன்றரை கொறையுதே எலும்பம்மா!" என்று அலறினான், அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, சொந்தக் குதிரை தோற்ற மாதிரி. நான் வாய்விட்டுச் சிரித்தேன். "கொறையத்தாண்டா செய்யணும், உலோகம் ஆறினா சுருங்கும், சரியா இருந்திருந்தாத்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்" என்றேன். அங்கே எழுந்த சத்தம் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப்பக்கம் வரைக்கும் கேட்டிருக்கும். கெல்வின் பொக்லைன் ஹாரனை அடித்தான். டாஃப்னி இறங்கி வந்து குழி ஓரத்தில் நின்று, "வெளியூர்க்காரின்னு சொல்லிச் சொல்லி வெச்சிருந்தோமே, இவ இங்கயே பொறந்தவ" என்று அழுதாள். நானும் அழுதேன், வெட்கமே படவில்லை.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. கம்பெனி இன்ஜினியர் ஒரே மதியத்தில் அஸ்திவாரத்தை ஒன்றரை மீட்டர் தள்ளி வரைந்து கொடுத்தாள், உன் தொழில்காரர்களிலும் நல்லவர்கள் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். நேற்று ஊர்ஜனங்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள், ராய்ஸ்டன் லீவு நாளிலும் மனைவியோடு வந்து, "எனக்கும் ரொவீனாவுக்கும் ஆரம்பத்திலேயே சந்தேகம்" என்று எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தான், போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஆபீஸில் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுது என்றார்கள், நான் மாட்டேன் என்றேன். பழையதன் மேல் ஒரு கோடு அடித்து, பக்கத்தில் தேதி போட்டு, 'தவறு என்னுடையது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அது கன்னி மண் இல்லை என்பதற்கு முதல் சாட்சி கெல்வினின் கை என்றும் எழுதினேன், அவன் பெயர் அறிக்கையில் அச்சில் வரும். அடுத்த வருஷம் ஆற்றங்கரையில் பெரிய வேலை வருகிறது, அதைக் கட்டுகிற கம்பெனியே என்னைப் பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறது.

அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன் டிசம்பர் மூன்றாம் தேதி, மறக்காமல் அன்று கூப்பிடு, பயமில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார், அதனால்தான் சொல்கிறேன். கிறிஸ்துமஸ் புட்டிங் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், மார்கஸ் பாதியைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள். கம்பளிக் காலுறை போடு. நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு, கட்டுவதெல்லாம் அசையாமல் நிற்க, நன்றாக இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று நினைவில் வை. உன் பாலத்து வேலையிலும் ஓரமாக யாராவது ஒருத்தி நனைந்துகொண்டு நின்றிருப்பாள். ஒரு நாள் காலையில் அவள் வந்து, நேற்றுப் போட்ட கையெழுத்து தப்பு என்று சொன்னால், திட்டு, தாராளமாகத் திட்டு, ஆனால் லாரியை ஒரு மணி நேரம் நிறுத்து.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா
ரொவீனா