உன் நெஞ்சுயரக் கோடு

மச்சான்,

பெருநாளுக்கு மகன் வருகிறான் என்று வாசல் கேற்றுக்கு அடிக்க இன்று காலை சிவப்புப் பெயின்ட் பேணியைத் திறந்தேன். அந்த மணத்தோடு நீ வந்து நின்றாய்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மகன் கெம்பஸில் காட்டு முகாமைத்துவத்தில் முதுமாணிப் பட்டத்துக்குப் படித்தான். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அதைத் தடுமாறாமல் சொல்லப் பழகவே ஒரு கிழமை பிடித்தது. விறகு வெட்டியே காலம் கழித்த நீ கேட்டாய்: "காடு வெட்ட நான் எந்தக் கெம்பஸுக்கும் போகல்லியே மச்சான்?"

"எத வெட்டாம உடுறது என்டதுதான் மாமா படிப்பு" என்றான் அவன்.

வரிப்பத்தான்சேனைக்கு அப்பால் காட்டில் மரங்களின் சுற்றளவு எடுக்க நாம் இருவரும் அவனுக்குத் துணை. "நிலத்திலிருந்து நாலேகால் அடி வாப்பா. அதத்தான் நெஞ்சுயரம் என்டு சொல்ற. மாமாக்கும் சொல்லுங்க" என்று தெளிவாகத்தான் சொன்னான். நான் கெட்டிக்காரன் அல்லவா, சுருக்கிவிட்டேன்: "நெஞ்சுயரத்துல கோடு போடு மச்சான்."

நீ சிவப்புப் பெயின்டைத் தொட்டு உன் நெஞ்சுக்கு நேரே போட்டாய். ஊரிலேயே கட்டையான ஆள் நீ. நாடா பிடித்து அளந்ததும் கொப்பியில் எழுதியதும் நான்.

வேறு பக்கம் மரப்பெயர் குறித்துக்கொண்டிருந்த மகன், நாலாம் நாள் கோட்டைக் கண்டு தலையில் கைவைத்தான். கீழே தள்ளி அளந்தால் மரம் பருத்துக் காட்டும்; விடவேண்டியதும் வெட்டும் பட்டியலில் சேர்ந்துவிடும். ஆய்வைக் கொடுக்க இரண்டே கிழமை.

"ஆர் இந்த உயரத்தச் சொன்ன?"

நீ என்னைப் பார்த்தாய். நான் முதிரை மரத்தின் உச்சியைப் பார்த்தேன்.

"நான்தான் பிழையா வெளங்கிட்டன் மகன். ஒண்ட பட்டம் என்ட நெஞ்சுக்கு மேலதான் இரிக்கிபோல" என்று சிரித்தாய். பிறகு நாலேகால் அடிக்கு ஒரு தடி வெட்டி, ஒவ்வொரு மரத்திலும் பழைய கோட்டுக்கு மேலே இன்னொரு கோடு போட்டாய். கடைசி நாளில்தான் வேலை முடிந்தது. திரும்பும் வழியில் ஒன்றே ஒன்று கேட்டாய்: "முதிரையில என்னடா பாத்த, தேன்கூடா?"

பட்டம் கிடைத்தது. நீயும் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டாய். அந்தக் கதை வந்தால் மகன் இன்றும் "மாமாட நெஞ்சு" என்று சிரிக்கிறான். நானும் கூடவே சிரிக்கிறேன்.

கேற்றுத் தூணில் என் நெஞ்சுக்கு ஒரு சாண் கீழே, உன் நெஞ்சுயரத்தில், சிவப்பாக ஒரு கோடு போட்டிருக்கிறேன். பின்னேரம் வந்ததும் "என்ன வாப்பா இது?" என்பான். பக்கத்திலேயே தென்னை நிற்கிறது. இந்த முறை அதன் உச்சியைப் பார்க்கமாட்டேன் மச்சான்.