சீமை வீட்டுப் புற்று

இன்று என் மரக்கடையில் ஒரு மருதத் தடியை அறுத்தார்கள். அந்தப் பச்சை வாடை மூக்கில் ஏறியதும் நீர் எதிரே வந்து நின்றுவிட்டீர். போனவர் போனவராக இருக்கக் கூடாதா? வேலையைப் போட்டுவிட்டு உமக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கல்லிடைக்குறிச்சிக்கு மேற்கே ஆற்றங்கரையில் துரை வீடு கட்டியபோது மரம் கொடுத்தவன் நான், தச்சு வேலையை மேற்பார்த்தவர் நீர். சீமையில் அவருடைய பாட்டன் பூட்டன் வாழ்ந்த வீடு முந்நூறு வருஷத்துப் பழசாம். அதே மாதிரி இங்கேயும் வேண்டுமென்றார். முதலில் சுவர் கிடையாது, மரச் சட்டம்தான். சட்டங்களைத் தரையில் கிடத்தி, மூட்டுக்கு மூட்டு அடையாளம் கீறி, பிறகு கயிறு கட்டி இழுத்து நிறுத்தினோம். இரும்பு ஆணி ஒன்றுகூட இல்லை, எல்லாம் மர முளை. நடுவே விளார்க் குச்சிகளைப் பின்னி, வைக்கோல் கலந்த மண்ணை அப்பி, சுண்ணாம்பு பூசினார்கள். மரத்துக்கு மட்டும் கறுப்புத் தார். வளைந்த தாங்குகட்டைகளுக்குத் தேக்கு ஒத்துவராததால் ஆற்றங்கரை மருதைக் கொடுத்தேன். "எலும்பை வெளியே போட்டுக்கிட்டு நிக்குது வே வீடு" என்று சொல்லிச் சிரித்தீர்.

சீமையில் சண்டை மூண்டதும் துரை கப்பலேறினார். திரும்பி வரும்வரை வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி உம்மையும் உம் மனைவி சிவகாமியையும் அங்கே குடிவைத்துவிட்டுப் போனார். மழை ஓய்ந்தபின் மேற்கு மூலைத் தூணடியில், வீட்டுக்குள்ளேயே புற்று எழும்பியது. துரை இருந்திருந்தால் அன்றைக்கே கொத்தி எறிந்திருப்பார். சிவகாமி பல வருஷமாய்ப் பிள்ளைக்கு ஏங்கியவள். நாகம் வீடு தேடி வந்திருக்கிறது என்று வெள்ளிதோறும் பால் ஊற்றி மஞ்சள் வைத்தாள். மறு தையில் அவளுக்கு நாள் தள்ளிப்போயிற்று. அதற்குப் பிறகு அதில் யார் கை வைப்பது?

என்னைக் கூப்பிட்டுத் தூணைக் காட்டினீர். தட்டிப் பார்த்தேன், வெறும் பானையைத் தட்டிய மாதிரி கேட்டது. கறையான் உள்ளே மரத்தையே வைக்கவில்லை.

"புத்தை வெட்டிரும் வே," என்றேன்.

"வெட்டிட்டு, பிள்ளைக்கு ஒண்ணுன்னா அவ மொகத்துல எப்படி வே முழிப்பேன்?"

மண்ணெண்ணெய் ஊற்ற அவள் விடவில்லை. முட்டுக் கொடுத்தோம், அந்தக் கட்டையையும் கறையான் தின்றது. வேறு வீடு பாரும் என்று கெஞ்சினேன். துரைக்குக் கொடுத்த வாக்கு என்றீர். பேறுகாலத்துக்கு அவளை மட்டும் சீவலப்பேரியிலிருந்த தாய்வீட்டுக்கு அனுப்பிவைத்தீர்.

ஐப்பசி அடைமழையில் மேற்குச் சுவர் சாய்ந்தது. ஒன்றோடொன்று முளையடித்த சட்டமல்லவா, மற்றச் சுவர்களையும் இழுத்துக்கொண்டு விழுந்தது. நீர் உள்ளே இருந்தீர். ஆட்களோடு நான் ஓடி வந்து கட்டைகளைத் தூக்கத் தூக்க, ஈர மண்தான் கையோடு வந்தது. உம் கருமாதி முடியுமுன் மகள் பிறந்தாள். நாகம்மாள் என்று பெயர் வைத்தார்கள். இப்போது அவளுக்கு ஐந்து வயசு.

போன மாசம் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். ஆத்திரம் வே, வேறென்ன. வீடு மண்ணோடு மண்ணாகிவிட்டது. புற்று மட்டும் இடுப்புயரம் வளர்ந்து நிற்கிறது. சிவகாமி பால் சொம்போடு நின்றாள். தாலியறுத்தவள் மஞ்சள் குங்குமம் தொடக் கூடாதாம், அதனால் மகள்தான் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தாள்.

என் கையிலிருந்ததைப் பார்த்துவிட்டு சிவகாமி ஒதுங்கி வழிவிட்டாள். "இடிக்கணும்னா இடிங்க அண்ணாச்சி. அவுகதான் இல்ல, இவளாவது இருக்கட்டும்னுதான் ஊத்துதேன்."

நான் கடப்பாரையை ஓங்கவில்லை, கீழேயும் போடவில்லை. உம் மகள் ஓடி வந்து அதைப் பிடித்துக்கொண்டாள்.

"பைய வைங்க மாமா. சாமி ஒறங்குது."

பைய வைத்தேன். திரும்பும்போது கடப்பாரையைத் தோளில் சுமந்துகொண்டே வந்தேன். இதோ கடை வாசலில் சாத்தியிருக்கிறது, அவளுடைய மஞ்சள் விரல்களின் தடத்தோடு. உம்மைத் தின்ற அந்தப் புற்றை என்னால் வெட்டவும் முடியவில்லை வே, கும்பிடவும் முடியவில்லை.