சிவப்புக் கோடு

அன்புள்ள மாப்ள,

போன வாரம் நம் சிந்தசைசர் இசைப்பெட்டியைத் திறந்தேன். யார் செய்த ஒலி மாட்யூலும் எந்தப் பெட்டியிலும் பொருந்த வேண்டும் என்றுதான் பொதுவான உயரமும் பொதுவான வோல்டேஜும் வைத்திருக்கிறார்கள். கரண்ட் போகும் பட்டை வயரின் சிவப்புக் கோடு மைனஸ் பன்னிரண்டு வோல்ட் பக்கம், அதாவது கீழே, இருக்க வேண்டும்; மாறினால் மாட்யூல் கருகிவிடும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான்.

தஞ்சாவூர் கச்சேரியன்று, நீ எட்டு மாதம் உட்கார்ந்து செய்த மாட்யூலை மாட்டியதும் புகைந்தது.

“கோடு எந்தப் பக்கம்னுகூடப் பாக்க மாட்டியா?” என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

“கீழதான்டா வச்சேன்” என்றாய். அதற்குப் பிறகு நீ என் வீட்டுப் பக்கமே வரவில்லை. மூன்று வருடம் ஆகிறது.

இப்போது புது மாட்யூல் ஒன்றை மாட்டுவதற்கு முன், பயத்தில் மீட்டர் வைத்துப் பார்த்தேன். நீ அன்று மாட்டிய வரிசையில் மட்டும் பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறியிருந்தன. அந்த வரிசைக்கு வயர் பற்றவைத்தது நான். அன்று வந்திருந்தவர்களில் நம்பர் கிடைத்த பதினோரு பேருக்கும் இதை எழுதி அனுப்பிவிட்டேன்.

நேற்று பூதலூருக்கு வந்தேன். “எல்லாத்தையும் வித்துட்டாருங்க. வீட்ல பாட்டுப் போட்டாக்கூட எந்திரிச்சுப் போயிடுறாரு” என்றார் உன் மனைவி.

வயலுக்கு வந்து வரப்பில் நின்றேன். நீ நடவுக்கு நாற்று முடிகளை விசிறிக்கொண்டிருந்தாய். நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். அடுத்த முடியை எடுத்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிவிட்டாய்.

வந்த விஷயத்தைச் சொல்லாமலே பஸ் ஏறிவிட்டேன்.

இப்படிக்கு,
அன்று உன்னை நம்பாதவன்