துணி கறுத்தால் பயப்படாதே

மார்ச் 3, திங்கள்

மகள் ஃபோன் செய்தாள். அவள் கல்யாணத்துக்கு அவள் அப்பா எனக்கு ஒரு வண்டி அனுப்புவாராம். நான் அதில் ஏறி வந்து, பின் வரிசையில் உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டு, அதிலேயே திரும்பிவிட வேண்டுமாம். "முன்னாடி சித்தி உட்காருவாங்களாம்மா. அப்பா சொல்லச் சொன்னாரு. தப்பா எடுத்துக்காதே."

"நான் என் வண்டியிலேயே வந்துக்கிறேன்" என்றேன்.

"அந்தத் தகரத்துலயா?" என்றாள்.

மார்ச் 4, செவ்வாய்

காரை மூடியிருந்த தார்ப்பாயை விலக்கினேன். எங்களை விட்டு அந்தச் சித்தியோடு போனபோது அவர் எனக்கென்று விட்டுவைத்த ஒரே சொத்து. "ஓட்டை வண்டி, நீயே வச்சுக்கோ." அன்று மூடியவள், இன்றுதான் திறக்கிறேன். முன் பம்பர் முழுக்கச் செம்மண் நிறம். விளக்கு வளையங்களில் சொறி பிடித்த மாதிரி. கதவோரப் பட்டைகளில் வெள்ளையாக என்னவோ படிந்திருக்கிறது.

தெருமுனை மெக்கானிக் எஞ்சினைத் திறந்து பார்த்தான். "நாலு சாமான் மாத்தினா ஓடும்க்கா. முகத்தைப் பார்த்தாதான் பாவமா இருக்கு."

யார் முகத்தை என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

கம்பி நார் போட்டால் பம்பரின் குரோம் பூச்சு கீறிவிடும் என்றான் மெக்கானிக். சாப்பாடு சுற்றும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன். துரு பழுப்புச் சேறாக வழிந்தது. ஒரு கை அகலத்துக்கு வெளுத்த இடத்தில் என் மூக்கு தெரிந்தது. பெரிய மூக்குதான். இருக்கட்டும்.

மாடிவீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "எதுக்கு இந்த வேண்டாத வேலை? அனுப்புற வண்டியில ஏறிப் போக வேண்டியதுதானே."

"எனக்கு வேண்டிய வேலைதான்" என்றேன்.

மார்ச் 8, சனி

முட்டாள். முட்டாள்.

கதவோரப் பட்டையில் குளியலறை கழுவும் ஆசிட்டை ஊற்றினேன். துருவுக்கு ஆசிட்தானே என்று நினைப்பு. புஸ்ஸென்று நுரைத்தது. கழுவிப் பார்த்தால் பட்டை முழுக்கச் சாம்பலும் கறுப்புமாகத் திட்டுகள். ஒரு பக்கக் கதவு இரண்டும் போச்சு. என்னத்துக்குடி உனக்கு இந்த வீம்பு — பின் வரிசையில உட்கார்ந்தா உயிரா போயிடும்?

போகும். எனக்குப் போகும்.

மார்ச் 9, ஞாயிறு

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டான். "அக்கா, இது அலுமினியம். இரும்பு மாதிரி துரு பிடிக்காது, பூக்கும். அந்த வெள்ளையெல்லாம் பூத்தது. அதுக்குப் போய் ஆசிட் ஊத்துவாங்களா?"

எனக்குத் தெரிந்து பூத்துப்போவது கண்தான். அதுவும் யாருக்காவது காத்திருந்து. அந்த வேலையை நான் விட்டு ரொம்ப நாளாயிற்று.

நைசான உப்புத்தாளை நனைத்து நீளவாக்கில் தேய்க்க வேண்டுமாம். அப்புறம் மெருகுப் பசை. "துணி கறுத்தா பயப்படாதீங்க. கறுத்தாதான் வேலை நடக்குதுன்னு அர்த்தம்."

மார்ச் 13, வியாழன்

துணி கறுத்தது. கை கறுத்தது. நைட்டி கறுத்தது. பட்டை வெளுத்துவிட்டது.

மார்ச் 16, ஞாயிறு

அவரே ஃபோன் செய்தார். போனதிலிருந்து இதுதான் முதல் தடவை. "பிடிவாதம் பிடிக்காதே. நாலு பேர் வர்ற இடம். அதைக் கொண்டுவந்து வாசல்ல நிறுத்தி என் மானத்தை வாங்காதே."

"உங்க மானம் உங்க வண்டியில வரட்டும். நான் என் வண்டியில வர்றேன்."

ஃபோனை வைத்துவிட்டுப் பின் பம்பரையும் தேய்த்து முடித்தேன்.

மார்ச் 20, வியாழன்

பம்பரில் பொடிப்பொடிக் குழிகள். துரு போய்விட்டது, அது தின்ற இடம் அப்படியே இருக்கிறது. இன்னும் தேய்த்தால் மிச்சமிருக்கும் குரோமும் போய்விடுமாம். மெழுகு பூசி நிறுத்திக்கொண்டேன். குழியோடேயே பளபளக்கட்டும், யாருக்கென்ன?

மார்ச் 23, ஞாயிறு

மெக்கானிக் நாலு சாமானையும் மாற்றிவிட்டான், வண்டி ஓடுகிறது. கிளம்புகிறேன். உட்கார்ந்தால் முன் வரிசைதான்.

மார்ச் 24, திங்கள்

முன் வரிசையில் எனக்கு இடம் வைக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் நானே போட்டு உட்கார்ந்தேன். சித்திக்காரி கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள். அவளோடு எனக்கென்ன சண்டை?

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது, மணமக்களுக்கென்று அவர் பேசி வைத்த பூ வண்டி கதவைத் திறந்து நின்றது. மகள் அதைத் தாண்டி என் வண்டியிடம் வந்தாள். குனிந்து, பம்பரில் முகம் பார்த்து, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

"யாரும்மா இதைப் பண்ணிக் கொடுத்தா?"

கையை நீட்டிக் காட்டினேன். நகக்கண்ணில் கறுப்பு இன்னும் போகவில்லை. அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு பின் கதவைத் திறந்து மாப்பிள்ளையை ஏற்றிவிட்டு, முன்னால் என் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

"போலாம்மா."

தெரு திரும்பும்போது பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். பூ வண்டி பின்னால் வந்துகொண்டிருந்தது. அதில் அவர் உட்கார்ந்திருந்தார்.